மணப்பாட்டுக் கரையில் இரண்டு ஜனவரிகள்

1973 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, பொங்கல். மணப்பாடு, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூரை ஒட்டிய கடற்கரையில் அன்றைக்கு 147 திமிங்கலங்கள் கரையேறின. 43 வருஷம் கழித்து, 2016 ஜனவரி 11, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், அதே கரையில் அதே இனம் மறுபடியும் வந்தது. இந்த முறை 81. அதில் 45 இறந்தன, 36ஐக் கடலுக்குத் திருப்பி அனுப்பினோம் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு.

2016 சம்பவம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். டிவியில் வந்தது, வாட்ஸப்பில் சுற்றியது. கூடவே காரணங்களும் சுற்றின: சுனாமி வரப்போகிறது, கடலுக்கடியில் பூகம்பம், கப்பல் சோனார், அணு உலை. எனக்கு அந்த நேரத்தில் 1973 பற்றித் தெரியாது. ஒரு செய்தியின் கடைசி வரியில் 'இதற்கு முன் 1973லும்' என்று இருந்ததைப் பார்த்துத்தான் தேட ஆரம்பித்தேன். தேடியதில் திமிங்கலத்தைவிட முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. 147 என்ற அந்த எண்ணை நமக்குக் கொடுத்தது யார்?

கொடுத்தவர்கள் முத்து ஆராய்ச்சிக்காரர்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தூத்துக்குடியில் ஒரு மையம் உண்டு. கே. அழகர்சாமி அங்கே செயற்கை முத்து வளர்ப்பு முயற்சியில் இருந்தார். அதே 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தவர் அவர்தான். அந்த ஜூலைக்கு ஆறு மாதம் முன்னால் மணப்பாட்டுப் பக்கம் திமிங்கலம் ஒதுங்கியதும், அழகர்சாமி, பென்சாம், ராஜபாண்டியன், பாஸ்டியன் பெர்னாண்டோ ஆகிய நாலு பேர் அதைப் பதிவு செய்து 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்' இதழில் எழுதினார்கள். சிப்பிக்குள் கரு வைக்கப் பழகிக்கொண்டிருந்தவர் டன் கணக்கில் எடையுள்ள விலங்கைப் பற்றி எழுத நேர்ந்தது, பக்கத்தில் இருந்தார் என்பதால்தான். அந்தக் கட்டுரை இல்லையென்றால் 1973 இன்றைக்கு 'அப்பா சொல்வார்' என்ற அளவில் நின்றிருக்கும்.

இதில் ஒரு பெரிய வரலாற்று விசித்திரம் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலைப்போல இவ்வளவு நாள் கவனமாகக் கணக்கு வைக்கப்பட்ட கடல் இந்தியாவில் குறைவு. தொல்லாயிரம் பார், மணப்பாடு பெரிய பார் என்று ஒவ்வொரு முத்துப்பாருக்கும் பெயர் உண்டு. எந்தப் பாரில் சிப்பி எத்தனை வயது, இந்த வருஷம் குளிக்கலாமா, இன்னும் ரெண்டு வருஷம் விட வேண்டுமா என்று பார்க்கவே அதிகாரிகள் இருந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் 1890களை ஒட்டி முத்து, சங்குக் குளிப்பு பற்றித் தனியே எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் ஹார்னெல் அதற்குப் பின்னால் இன்னும் விரிவாக எழுதினார். இன்னும் பழசு வேண்டுமானால் மார்க்கோ போலோ. குளிப்பவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரம் போட்டுக் கட்டுகிறவருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்பது வரை அவர் குறித்து வைத்திருக்கிறார். 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு வரை இந்தக் கணக்கு ஓடுகிறது.

வருமானம் இருந்த இடத்தில் நோட்டுப் புத்தகமும் இருந்தது. சிப்பியில் அரசுக்குப் பங்கு உண்டு. அதே தண்ணீரில் மூச்சு விட்டுக்கொண்டு போன ஓங்கலுக்கும் கடற்பன்றிக்கும் பங்கு போட எதுவும் இல்லை, எனவே வரிசையான கணக்கும் இல்லை. யாராவது ஒருவர் தற்செயலாகப் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒரு குறிப்பு.

பெயரிலேயே குழப்பம் ஆரம்பிக்கிறது, அதைக் கொஞ்சம் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் கரையில் டால்பினை ஓங்கல் என்பார்கள். கடற்பன்றி என்ற சொல்லை அகராதிகளில் ஆங்கில 'போர்பாய்ஸ்'க்கு நேராகப் போடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும் 'பன்றி மீன்' என்பதுதான், ரெண்டு கரைக்காரர்களுக்கும் ஒரே விஷயம் தோன்றியிருக்கிறது. ஆனால் பேச்சில் பலர் டால்பினையும் கடற்பன்றி என்றே சொல்கிறார்கள். விலங்கியல்படி கடற்பன்றி தனிக் குடும்பம். டால்பினின் பல் கூம்பு மாதிரி இருக்கும், கடற்பன்றியின் பல் சின்ன மண்வெட்டி மாதிரி தட்டையாக இருக்கும். இந்தியக் கடலில் உள்ள கடற்பன்றி ஒரே இனம்தான். முதுகில் துடுப்பே கிடையாது, ஒன்றரை மீட்டர் சொச்சம் நீளம், கரையோர ஆழமில்லாத தண்ணீரில் வாழ்வது. 1829ல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே இதற்குப் பெயர் வைத்தபோது மாதிரி ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்ததாக எழுதினார். அங்கே இந்த இனம் கிடையாது, மலபார் கரையிலிருந்து போயிருக்கலாம் என்று பிற்காலத்தில் திருத்திக்கொண்டார்கள். நம் ஊர்ப் பிராணிக்கு அட்ரஸே தப்பாக எழுதப்பட்டிருக்கிறது.

மணப்பாட்டில் ஒதுங்கியவை கடற்பன்றி இல்லை. கண்டிப்பான அர்த்தத்தில் திமிங்கலமும் இல்லை. பைலட் திமிங்கலம் என்று பெயர் இருந்தாலும் அது டால்பின் குடும்பம். உருண்டைத் தலை, கருப்பு உடம்பு. ஆண் ஐந்து மீட்டரைத் தாண்டும், இரண்டு டன்னுக்கு மேல் போகும். இதில் ரெண்டு இனம் உண்டு. நம் வெப்பக் கடலில் இருப்பது பக்கத்துடுப்பு குட்டையான இனம்.

பெயரை வைத்து ஏன் இவ்வளவு நேரம் ஓட்டுகிறேன் என்றால், இந்த விலங்கு எந்தத் தண்ணீருக்குப் பழகியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடற்பன்றிக்கு ஐந்து பாகத் தண்ணீர் வீடு. பைலட் திமிங்கலத்துக்கு வீடு ஆழ்கடல். முக்கியச் சாப்பாடு கணவாய். கேனரித் தீவுகளில் உடம்பில் கருவி ஒட்டிப் பார்த்தபோது இவை ஆயிரம் மீட்டர் ஆழம் வரை போய், அங்கே இரையைத் துரத்தி வேகமாகப் பாய்ந்து ஓடுவது தெரிந்தது. இருட்டில் சத்தம் அனுப்பி, எதிரொலி கேட்டு வேட்டை. மன்னார் வளைகுடாவின் தென்வாயில் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். வடக்கே ராமர் பாலத்தை நோக்கி வர வர தண்ணீர் வற்றிக்கொண்டே வரும், கரையும் ரெண்டு பக்கமும் நெருங்கும். மேப்பில் பார்த்தால் ஒரு புனல் மாதிரி. அகன்ற வாய் தெற்கே.

அந்த மேப்போடுதான் போன டிசம்பரில் மணப்பாடு போனேன். திருச்சிலுவைக் கோயில் இருக்கும் மணல் குன்றில் ஏறி நின்றால் கரை கண்ணுக்கு முன்னால் வளைந்து போவது தெரியும். முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது, வடக்கே சரிவே இல்லாத மாதிரி மணல் இறங்குகிறது. இடுப்பளவு தண்ணீருக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருந்தது. கீழே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் 2016 பற்றிக் கேட்டேன்.

"அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல தம்பி. ஒண்ணக் கொண்டு வெளிய விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, அது நமக்கு முன்னால வந்து கரையில கெடக்கு."

"ஏன் அண்ணாச்சி திரும்பி வந்துச்சு?"

"கத்துச்சுல்லா. கரையில கெடந்தது கத்துச்சு. அத விட்டுட்டு இது எப்படிப் போவும்?"

எனக்கு ரெண்டு வருஷம் படித்துக் கிடைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

பைலட் திமிங்கலக் கூட்டம் தாய்வழிக் குடும்பம். ஜப்பானில் வேட்டையாடப்பட்ட விலங்குகளை வைத்து 1980களில் தோஷியோ கசுயாவும் ஹெலன் மார்ஷும் செய்த ஆராய்ச்சி இதில் பெரியது. மரத்தில் வளையம் எண்ணுவதுபோல பல்லை அறுத்து அடுக்கு எண்ணி வயது கண்டுபிடித்தார்கள். பெண் அறுபது வயது தாண்டியும் வாழ்கிறது, ஆண் நாற்பத்தைந்தை ஒட்டி முடிந்துவிடுகிறது. பெண் நாற்பது வாக்கில் குட்டி போடுவதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகும் இருபது வருஷம் கூட்டத்தோடு இருக்கிறது. சில கிழவிகளுக்குப் பால் சுரந்துகொண்டிருந்தது. கடைசிக் குட்டிக்குப் பத்து வருஷத்துக்கு மேலும் பால் கொடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் நெடுங்காலம் வாழும் பாலூட்டி உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மனிதர்கள், ஓர்க்கா, இந்தப் பைலட் திமிங்கலம், இன்னும் ஒன்றிரண்டு.

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒன்று மட்டும் கரையில் கிடந்து கத்தினால் மற்றவை போகாது என்பது சுலபமாகப் புரிகிறது. ஆனால் இதை ரொம்ப அழகான கதையாக்கிவிடக் கூடாது. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் கூட்டமாக ஒதுங்கிய நீண்ட துடுப்பு இனத்தின் மரபணுவைப் பார்த்தவர்கள், ஒரே கூட்டத்தில் பல தாய்வழிகள் கலந்திருப்பதையும், தாயும் குட்டியும் கரையில் பல நேரம் வேறு வேறு இடத்தில் கிடந்ததையும் 2013ல் சொன்னார்கள். 'தலைவி கரையேறினாள், குடும்பம் பின்னால் போனது' என்பது மட்டும் போதாது. கரையேறும் முன்னாலேயே கூட்டம் சிதறியிருக்கலாம். அப்போது திரும்பி வரும் விலங்கு தன் ஆளைத் தேடித்தான் வருகிறது என்றும் பார்க்கலாம்.

கரையில் கிடக்கும்போது உடம்புக்கு என்ன ஆகிறது? 'தண்ணீரில்லாமல் மூச்சு முட்டிச் செத்தது' என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். தப்பு, இது நம்மைப்போல் காற்றை சுவாசிக்கிற பிராணி. பிரச்சினை எடை. ரெண்டு டன் உடம்பைக் கடல் தாங்கிக்கொண்டிருந்தது, மணல் அப்படித் தாங்காது. நுரையீரல் நசுங்கும், ஒவ்வொரு மூச்சும் கூலி வேலை. அடியில் மாட்டிய தசைக்கு ரத்தம் போகாது, தசை செத்து அதிலுள்ள மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கும். ஆழத்தில் மூச்சடக்க ஆக்சிஜனைச் சேர்த்து வைக்கும் புரதம் இதுதான், அதனால் பைலட் திமிங்கலத் தசையில் இது ஏராளம். கடலில் வரமாக இருந்த அதே பொருள் கரையில் சிறுநீரகத்தை அடைத்துவிடுகிறது. இன்னொன்று சூடு. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு குளிரைத் தடுக்கத்தான் இருக்கிறது, வெயிலில் அது போர்வை போர்த்திய மாதிரி. ஜனவரி என்றாலும் திருச்செந்தூர் வெயில் வெயில்தான்.

இதனால்தான் '36 மீட்கப்பட்டன' என்ற வரியைப் படிக்கும்போது எனக்குத் தயக்கம். கடலுக்குள் போனது என்பதும் பிழைத்தது என்பதும் ஒன்றல்ல. நாலு மணி நேரம் மணலில் கிடந்த விலங்கு நீந்திப் போய், ரெண்டு நாள் கழித்து சிறுநீரகம் கெட்டுச் சாகலாம். அது நம் கண்ணில் படாது.

அதற்காக அந்த மீனவர்கள் செய்தது வீண் என்று சொல்ல வரவில்லை. ராத்திரியில் அலையில் நின்று ரெண்டு டன் விலங்கைத் தள்ளியவர்களுக்கு எந்தப் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை. வாலில் கயிறு கட்டிப் படகில் இழுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பின்னோக்கி இழுத்தால் தலை உச்சியிலுள்ள மூச்சுத் துளைக்குள் தண்ணீர் போகும், முதுகெலும்பும் விலகும். நியூசிலாந்தில் பழகிய முறை வேறு. அடியில் விரிப்பு செருகி, காற்றடைத்த மிதவையில் வைத்து, தலையைக் கடல் பக்கம் திருப்புவார்கள். முக்கியமாக, ஒவ்வொன்றாக விடுவதில்லை. ஆழமற்ற தண்ணீரில் நிறுத்தி வைத்து, உயிரோடு இருப்பவை எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே நேரத்தில் விடுவார்கள். கத்துவதற்குக் கரையில் ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. பெரியவர் சொன்னதைத்தான் நடைமுறையாக்கி வைத்திருக்கிறார்கள்.

2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் இதே குட்டைத் துடுப்பு இனம் நூற்றுக்கு மேல் ஒதுங்கியது. கடற்படையும் ஊர்க்காரர்களும் விடிய விடியத் தள்ளி ஏறக்குறைய 120ஐத் திருப்பி அனுப்பினார்கள், இறந்தவை சில மட்டுமே. மணப்பாட்டுக்கும் பாணந்துறைக்கும் நடுவே இருப்பது அதே மன்னார் வளைகுடாவின் வாய்தான். ஒருவேளை அங்கே விலங்குகள் முழுக்க மணலில் ஏறாமல் அலையிலேயே இருந்திருக்கலாம், அது ஒரு பெரிய வித்தியாசம்.

சரி, காரணத்துக்கு வருவோம். என் பிழைப்பு சாஃப்ட்வேர். ஒரு சர்வர் ரெண்டு தடவை விழுந்தால் நாங்கள் முதலில் கேட்பது, ரெண்டு தடவையும் பொதுவாக என்ன இருந்தது, முதல் தடவை எது இல்லை என்பதுதான். 2016 வதந்திகளை இப்படிச் சலிக்கலாம். கூடங்குளம் அணு உலை 1973ல் கிடையாது. தூத்துக்குடியின் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலையில்தான். 2000ல் பஹாமாஸில் அமெரிக்கக் கடற்படை சோனாரால் ஆழ்கடல் திமிங்கலங்கள் ஒதுங்கியது நிரூபணமான விஷயம், எனவே சோனாரை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1973க்கு அதைக் கொண்டுவரத் தனி ஆதாரம் வேண்டும்.

அமாவாசை ஓதம்தான் காரணம் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். பார்த்தேன். 2016 ஜனவரி 10 அமாவாசை, மறுநாள் சம்பவம், பொருந்துகிறது. 1973ல் அமாவாசை ஜனவரி 4, பௌர்ணமி 18. சம்பவம் 14ஆம் தேதி, ரெண்டுக்கும் நடுவில். பொருந்தவில்லை. தவிர, தூத்துக்குடியில் ஏற்ற இறக்கம் பெரிய ஓத நாளிலும் ஒரு மீட்டருக்குக் குறைவு. மைல் கணக்கில் கடல் பின்வாங்கும் நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் கதையை இங்கே ஒட்ட முடியாது.

ஜனவரி என்ற ஒற்றுமையும் கண்ணை இழுக்கிறது. வாடைக்காற்று, நீவாடு என்று விளக்கம் கட்டலாம். ஆனால் ரெண்டே சம்பவம், ஒரே மாதத்தில் விழ பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு, இது ஒன்றும் அதிசயமில்லை. போதாக்குறைக்கு 1852ல் கல்கத்தா உப்பு ஏரிகளில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டது, எட்வர்ட் பிளைத் அதைப் புது இனம் என்று நினைத்துப் பெயரே வைத்தார். அது ஜூலை.

ரெண்டு தடவையும் மாறாமல் இருந்தது கரைதான். நீட்டிக்கொண்டிருக்கும் முனை, அதன் அணைப்பில் வளைகுடா, கண்ணுக்குத் தெரியாத சரிவுள்ள மணல். ஃபேர்வெல் ஸ்பிட், அமெரிக்காவின் கேப் காட் என்று உலகத்தில் அடிக்கடி ஒதுங்கும் இடங்கள் கொக்கி மாதிரி இருக்கின்றன. மெல்லிய மணல் சரிவில் எதிரொலி சரியாகத் திரும்பாது, முன்னால் திறந்த கடல் இருப்பதாகவே படும் என்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வளைகுடாவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆழ்கடல் விலங்கு ஏதோ ஒன்றால், கணவாய் துரத்தியோ நோயாலோ பயத்தாலோ, புனலுக்குள் வந்துவிட்டால் மணப்பாடு அதை வெளியே விடாது. இது என் ஊகம். கரை ஏன் பொறி என்பதை இது சொல்லும், அவை ஏன் உள்ளே வந்தன என்பதைச் சொல்லாது.

அந்தக் கேள்விக்குப் பதில் செத்த உடம்புக்குள் இருந்தது. பைலட் திமிங்கலங்களின் காதுப் பக்கத்துக் காற்றறைகளில் தட்டைப்புழு குடியிருக்கும், மூளை வரை போனால் திசை கெடும். 2006-07ல் மத்தியதரைக் கடலில் மார்பிலி வைரஸ் பைலட் திமிங்கலங்களைக் கொன்றது, நாய்க்கு வரும் டிஸ்டம்பரின் உறவுக்கார வைரஸ். இதையெல்லாம் பார்க்க காதையும் மூளையையும் நுரையீரலையும் ஒரு நாளுக்குள் எடுத்தாக வேண்டும். கொழுப்புப் போர்வை செத்த பிறகும் சூட்டை விடாது, உள்ளுறுப்பு வேகமாகக் கூழாகிவிடும். அதே ஒரு நாளுக்குள்தான் ஜேசிபி குழி தோண்டுகிறது. நாற்றம், நோய், கூட்டம் என்று பார்த்தால் புதைக்கத்தான் வேண்டும், நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் சர்வரை அவசரமாக ரீஸ்டார்ட் செய்து லாக் எல்லாம் அழிந்துபோகுமே, அந்த மாதிரி. இன்று வரை 2016க்கும் 1973க்கும் உறுதியான காரணம் கிடையாது.

கூட்டமாகச் சாவது செய்தியாகிறது. நிஜமான கடற்பன்றி செய்தியாவதே இல்லை. அது கூட்டமாக ஒதுங்கும் இனமில்லை, ஒற்றையாக செவுள்வலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாகிறது. மெல்லிய நைலான் நூல் அதன் எதிரொலிக்குச் சரியாகத் தெரிவதில்லை. மண்டபம் ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் பல வருஷமாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறித்து வைத்த துண்டுக் குறிப்புகள்தான் இந்தப் பகுதிக் கடற்பன்றிக்கு நம்மிடம் இருக்கும் வரலாறு.

அதன் உடல்நலம் பற்றி? ஐரோப்பாவில் அங்குள்ள துறைமுகக் கடற்பன்றியைக் கரையில் கிடைக்கக் கிடைக்க அறுத்துப் பார்க்கிறார்கள். நுரையீரல் முழுக்கப் புழு, அதனால் நிமோனியா, உடம்பில் பிசிபி அதிகமாக இருந்தவற்றில் தொற்றுநோய்ச் சாவும் அதிகம் என்று பிரிட்டனில் பல ஆண்டுச் சேகரிப்பை வைத்துச் சொல்ல முடிந்தது. நம் பக்கம் 1990களின் தொடக்கத்தில் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்களும் ஜப்பானின் ஷின்சுகே தனாபேயும் சேர்ந்து வங்காள விரிகுடா டால்பின்களின் கொழுப்பைச் சோதித்தார்கள். டிடிடி, ஹெச்சிஹெச், பிசிபி எல்லாம் இருந்தன. வயலிலும் கொசு ஒழிப்பிலும் தெளித்தது ஆறு வழியாகப் போய் ஓங்கலின் கொழுப்பில் உட்கார்ந்திருக்கிறது. பால் கொடுக்கும் தாய் இந்தச் சுமையில் பெரும்பங்கைக் குட்டிக்கு இறக்கிவிடும், தலைக்குட்டிக்கு அதிகம். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயல் மணப்பாட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை.

1986ல் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்வாழ் தேசியப் பூங்கா வந்தது. சட்டப்படி இந்த விலங்குகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. வலையில் செத்துக் கிடந்தால் வழக்கு வருமோ என்று பயந்து சத்தமில்லாமல் கடலிலேயே போட்டுவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் பயத்தால் ஒரு குறிப்பு போகிறது. தெரியாமல் வலையில் மாட்டியதைச் சொல்கிறவருக்குத் தொல்லை இல்லை என்பதை அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கரையில் இப்படி ஒன்றைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் ஈரத் துணி போடுங்கள், மூச்சுத் துளையை மூடாதீர்கள், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். செத்திருந்தால் தேதி, இடம், மூக்கு நுனியிலிருந்து வால் நடுப்பள்ளம் வரை நேர் நீளம், பல் தெரிய ஒரு படம், வயிற்றுப் பக்கம் ஒரு படம். இனப்பெருக்கப் பிளவின் ரெண்டு பக்கமும் சின்னதாகப் பால்காம்புப் பிளவு இருந்தால் பெண். தொடாமல் எடுங்கள், கிருமி நமக்கும் ஒட்டும். மரைன் மம்மல்ஸ் டாட் இன் என்ற தளத்தில் இந்தியா முழுவதும் பார்த்தவற்றைத் திரட்டுகிறார்கள், அதிலும் போடலாம். முத்துப்பாருக்கு நோட்டு வைத்த கரைக்கு இது பெரிய வேலை இல்லை.

கிளம்பும்போது பெரியவரிடம் நீளம் கேட்டேன். டேப் வைத்து யாரும் அளந்த ஞாபகம் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்து, "என் வள்ளம் 28 அடி. அதுல பாதிக்கு ஒரு முழம் கூட இருக்கும், நான் தள்ளுனதுலயே பெருசு அது" என்றார். பக்கத்தில் குட்டி ஒன்று கிடந்ததாம், அது தன் கைக்கு ஒண்ணரைப் பாகம். நோட்டில் எழுதிக்கொண்டேன்: 2016 ஜனவரி 11 இரவு, மணப்பாடு, ஒன்று சுமார் 15 அடி, பால் தெரியாது, கூட ஒரு குட்டி சுமார் 8 அடி, பெரியது ரெண்டு தடவை திரும்பி வந்தது.